தடிமனைக் கூட்டியதும் அதிகமாக உடைந்த கொக்கி: ஒரு ஸ்நாப்-ஃபிட் மூடியின் நிகழ்வு ஆய்வு

கையில் பிடித்துப் பயன்படுத்தும் அளவுக் கருவி ஒன்றின் பின்மூடி இது. செவ்வக வடிவம். சுற்றிலும் 2.5 மி.மீ. தடிமனில் பக்கச்சுவர், அந்தச் சுவரின் விளிம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு கொக்கிகள். பேட்டரி மாற்றும்போதெல்லாம் மூடியைக் கழற்றி மாட்ட வேண்டும். திருகு எதுவும் கிடையாது. மூடியை வைத்து அழுத்தினால் கொக்கிகள் உள்நோக்கி வளையும். கருவி உடலின் பக்கச்சுவரில் இருக்கும் ஜன்னல்களை எட்டியதும் வெளியே விரிந்து பூட்டிக்கொள்ளும்; இதைத்தான் ஸ்நாப்-ஃபிட் என்பார்கள். பாலிகார்பனேட்டும் ஏ.பி.எஸ்.ஸும் கலந்த பிளாஸ்டிக்கில் வார்த்த பாகம்.

மாதிரிகள் அத்தனையும் சரியாக வேலை செய்தன. ஆனால் மோல்டிலிருந்து (பாகங்களை வார்க்கும் எஃகு அச்சு) வந்த முதல் தொகுதியிலேயே கொக்கிகளின் அடிப்பகுதி வெளுக்க ஆரம்பித்தது. சில உடைந்தும் போயின. உடனே கொக்கியின் தடிமனை 1.6 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்கு உயர்த்தினார்கள். அடுத்த தொகுதியில் உடைப்பு இன்னும் அதிகமானது. அந்தக் கட்டத்தில்தான் இந்த வேலை என்னிடம் வந்தது.

உடைகிற பாகத்தைத் தடிப்பாக்குவது எந்தப் பொறியாளருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பாரம் தாங்கும் தாங்கியிலோ சட்டத்திலோ அது சரியான யோசனையும்கூட. அங்கே வரும் பாரம் இவ்வளவு என்று முன்பே தீர்மானமாகிவிடுகிறது. குறுக்குவெட்டைப் பெரிதாக்கினால் தகைவு, அதாவது பரப்பின் ஒவ்வோர் அலகும் சுமக்கும் விசை, குறையும். ஸ்நாப்-ஃபிட் கொக்கியின் நிலைமை நேர் எதிர். அதற்குத் தீர்மானமாவது பாரம் அல்ல, விலகல். கொக்கியின் மூக்கு 1 மி.மீ. வெளியே துருத்தியிருந்தால், ஜன்னலுக்குப் போகும் வழியில் அது கட்டாயம் 1 மி.மீ. வளைந்தே தீர வேண்டும். ஒல்லியாக இருந்தாலும் 1 மி.மீ., தடியாக இருந்தாலும் 1 மி.மீ. ஒரே அளவு வளைக்கும்போது தடியான சட்டத்தின் மேற்பரப்புதான் அதிகம் இழுபடும். அதை வளைக்கத் தேவையான கூடுதல் விசையையும் மூடியை அழுத்தும் கையே கொடுத்துவிடுகிறது.

கணக்காகப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஒரு முனை சுவரில் ஊன்றி, தடிமன் சீராக உள்ள செவ்வகக் கொக்கிக்கு, அடிப்பகுதியில் வரும் அதிகபட்சத் திரிபு (பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு இழுபடுகிறது என்பது) இது: 1.5 × தடிமன் × விலகல் ÷ நீளத்தின் வர்க்கம். இந்த மூடியில் கொக்கியின் நீளம் 8 மி.மீ., விலகல் 1 மி.மீ. தடிமன் 1.6 மி.மீ.யாக இருந்தபோது திரிபு 3.75 சதவீதம். தடிமனை 2 மி.மீ. ஆக்கியதும் 4.7 சதவீதம். அகலம் இந்தச் சூத்திரத்தில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கொக்கியை அகலமாக்கினால் விசைதான் கூடும், திரிபு மாறாது.

எவ்வளவு திரிபைத் தாங்கும்? பிளாஸ்டிக் தயாரிப்பாளர்களின் வடிவமைப்புக் கையேடுகளில் இதற்கு வழிகாட்டும் எண்கள் உண்டு. ஒரே ஒருமுறை மாட்டும் கொக்கி என்றால் பாலிகார்பனேட்டுக்குச் சுமார் 4 சதவீதம், ஏ.பி.எஸ்.ஸுக்கு 2.5, இரண்டும் கலந்த இந்த வகைக்கு 3. கண்ணாடி இழையை 30 சதவீதம் அளவுக்குச் சேர்த்த வகைகளில் இது ஏறத்தாழ 2 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். அடிக்கடி கழற்றி மாட்டும் கொக்கிக்கு இந்த எண்ணில் 60 சதவீதத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் நம் மூடிக்கு வரம்பு 1.8 சதவீதம். முதல் வடிவமே அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. தடிமனைக் கூட்டிய இரண்டாவது வடிவம் அங்கிருந்து இன்னும் மேலே ஏறியது.

விசையும் கூடியது. கொக்கியை வளைக்கும் விசை தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயரும். 1.6 மி.மீ. 2 மி.மீ. ஆனபோது விசை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. மூடியை விரலால் அழுத்த முடியாமல் உள்ளங்கையால் தட்டி மாட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டும்போது வளைவு திடீரென்று நடக்கிறது. வேகமாக இழுபடும் பிளாஸ்டிக் நீண்டு கொடுப்பதற்குப் பதிலாக நொறுங்கவே பார்க்கும்.

தடிமனைக் கூட்டியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது டூல் ரூம் (மோல்டு செய்யும் பட்டறை) சார்ந்தது. பாகத்தில் பிளாஸ்டிக்கைக் கூட்ட வேண்டுமானால் மோல்டில் எஃகைச் செதுக்கினால் போதும், சீக்கிரம் முடியும் வேலை. பிளாஸ்டிக்கைக் குறைப்பதென்றால் மோல்டில் எஃகைச் சேர்க்க வேண்டும். வெல்டிங் அல்லது புது இன்சர்ட் (மோல்டில் பொருத்தும் தனி எஃகுத் துண்டு) இல்லாமல் நடக்காது. ஆகவே அவசரத்தில் எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கமே கை போகிறது. கொக்கியைப் பொறுத்தவரை எளிதான திசை தவறான திசையாக அமைந்துவிட்டது. இதனால்தான் புது மோல்டு என்றால் கொக்கியை ஒல்லியாகவும் மூக்கைச் சிறியதாகவும் வைத்துத் தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பிடிப்பு போதவில்லை என்றால் அப்புறம் செதுக்கிப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

மாதிரிகள் ஏன் உடையவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் முன் நிறையப் பேர் மோல்டிங்கையே சந்தேகப்பட்டார்கள். பிளாஸ்டிக் சரியாக உலரவில்லை, வெப்பம் அதிகம், மறுசுழற்சித் துகள் கலந்திருக்கிறது என்று பல பேச்சு. உலர்த்தாத பாலிகார்பனேட் உருகும்போது ஈரத்தால் சிதைந்து பலமிழக்கும் என்பது உண்மைதான். பார்க்க வேண்டிய விஷயமும்கூட. ஆனால் மாதிரிகள் நைலான்-12 தூளை லேசரால் உருக்கி அச்சிட்டவை. அந்தப் பொருள் அடுக்குகளின் தளத்தில் முறிவதற்கு முன் 10 சதவீதத்துக்கும் மேல் நீளக்கூடியது. 3.75 சதவீதத் திரிபு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வடிவத்தையும் பொருந்துவதையும் சரிபார்க்க அந்த மாதிரி போதும். கொக்கி பிழைக்குமா என்பதற்கு அது சொல்லும் பதிலை நம்பக் கூடாது. உற்பத்திக்கு எடுக்கும் அதே பிளாஸ்டிக்கில் ஒரு பட்டையைச் செதுக்கி, அதே நீளத்துக்கும் விலகலுக்கும் வளைத்துப் பார்த்திருந்தால்கூட மோல்டு போடும் முன்பே விஷயம் வெளிவந்திருக்கும்.

உடைந்த இடம்

உடைந்த மூடிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கதை. முறிவு கொக்கியின் வெளிப்பக்கத்தில், அது சுவரோடு சேரும் மூலையில் தொடங்கியிருந்தது. அங்கே மெல்லிய, வழவழப்பான பட்டை ஒன்று. அதற்கு உள்ளே போகப் போகப் பரப்பு சொரசொரப்பாகி, உட்பக்க விளிம்பில் பிளாஸ்டிக் இழுபட்டுக் கிழிந்த நாக்கு போன்ற துண்டு. உடையாத கொக்கிகளிலும் அதே மூலையில் அகலம் முழுக்க ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. விரல்நகத்தால் தடவினால் அந்தக் கோட்டில் நகம் லேசாக மாட்டியது.

கொக்கி உள்நோக்கி வளைவதால் இழுபடுவது வெளிப்பக்கம். சரியாக அந்தப் பக்கத்தில்தான் 2.5 மி.மீ. சுவர் கொக்கியின் தடிமனுக்குப் படியிறங்கியது. படியின் உள்மூலையில் ரேடியஸ் (மூலையை உருட்டும் வளைவின் ஆரம்) 0.2 மி.மீ.கூட இல்லை. பாகத்தின் உள்மூலை என்பது மோல்டில் எஃகின் வெளிமுனை. யாரும் தனியாகச் சொல்லி உருட்டாவிட்டால் அது கூர்மையாகவே நிற்கும். வரைபடத்தில் ரேடியஸ் எழுதாமல் விட்டால் ஷார்ப் கார்னர்தான் வந்து சேரும். நாம் மேலே கணக்கிட்ட 3.75 சதவீதம் மூலையே இல்லாத சட்டத்துக்கானது. கூர்மூலையில் திரிபு அதைவிடப் பல பங்கு குவியும். மூலையின் ரேடியஸ் தடிமனில் பாதியை எட்டும்வரை இந்தக் குவிப்பு வேகமாகக் குறைகிறது. 0.6 பங்குக்கு மேல் போனால் பெரிய லாபம் இல்லை. அதற்கு மேல் பெரிதாக்கினால் அந்த இடம் கனத்து, மெதுவாக ஆறி, வெளிப்பரப்பில் சிங்க் மார்க் (குழிவு) விழும் தொல்லைதான் மிஞ்சும்.

மூலைக்கு அருகில் இருந்த கொக்கிகளே முதலில் உடைந்தன. நீளப் பக்கத்தின் நடுவில் இருந்தவை தாக்குப்பிடித்தன. அளவுகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. வேறுபாடு சுவரில் இருந்தது. சூத்திரம் கொக்கியின் அடி கல்லில் ஊன்றியது போல அசையாது என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் சுவரும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்; அது கொடுக்கும் அளவுக்குக் கொக்கியின் வேலை குறையும். நடுச்சுவர் வளைந்தது. இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலை விறைப்பானது, அங்கே முழு விலகலையும் கொக்கி தனியாகச் சுமந்தது. சூத்திரத்துக்கு மேல் வரும் இந்தத் தளர்வை மிச்சமாக வைத்துக்கொள்வது நல்லது. அதையே நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

மூடியபடி இருந்தவையும் விரிசல் விட்டன

எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். மாட்டிய பின் யாரும் தொடாத சில மூடிகளிலும் நாள் கழித்து விரிசல் தெரிந்தது. காரணம், மூடி ஆடக் கூடாது என்பதற்காகக் கொக்கி ஜன்னலுக்குள் போன பிறகும் 0.3 மி.மீ. வளைந்தே நிற்கும்படி அளவு கொடுத்திருந்தார்கள். 1.6 மி.மீ. கொக்கிக்கு அது 1.1 சதவீத நிரந்தரத் திரிபு. பாலிகார்பனேட் சேர்ந்த பிளாஸ்டிக்குகளுக்குத் தொடர்ந்து இழுபடும் நிலையும், கூடவே சில கரைப்பான்களோ எண்ணெய்களோ கிரீஸோ படுவதும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால், தனியாகத் தாங்கக்கூடிய தகைவிலும் விரிசல் விடும். கருவி என்றால் துடைப்பார்கள், துடைக்கும் திரவம் ஜன்னல் வழியாக நேராகக் கொக்கியின் அடிக்குப் போகும்.

விரிசல் விடாதவற்றிலும் அந்த 0.3 மி.மீ. வீண்தான். தொடர்ந்து வளைந்து நிற்கும் பிளாஸ்டிக் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். ஆட்டத்தை அடக்க வைத்த அழுத்தம் போய், மூடி மறுபடி ஆடும். கொக்கியின் வேலை பிடித்துக்கொள்வது மட்டுமே. மாட்டும் நொடியில் வளைந்து, மாட்டியதும் முழுதாக நிமிர்ந்து ஓய்வெடுக்க வேண்டும். ஆட்டத்தை அடக்க ஒரு மெல்லிய ரப்பர் பட்டையோ நசுங்கும் சிறு மேடோ போதும்.

திருத்தம்

இந்த நேரத்தில் "பேசாமல் திருகு போட்டுவிடலாமே" என்ற யோசனையும் வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1985-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த புரோபிரின்டர் அச்சுப்பொறி, அசையும் பாகங்கள் நிறைந்த ஓர் இயந்திரத்தையே திருகு இல்லாமல் கோத்துக் காட்டியது. ஒரு பேட்டரி மூடிக்கு அது முடியாதா என்ன? கொக்கிக்கு நீளம் கொடுத்தால் போதும்.

சூத்திரத்தில் நீளம் மட்டும் வர்க்கமாக வருகிறது. எனவே அங்கே கிடைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் விலைமதிப்புள்ளது. மூடிக்குக் கீழே சர்க்யூட் போர்டு இருந்ததால் கொக்கியைக் கீழ்நோக்கி நீட்ட இடமில்லை. ஆனால் மேலே சுவர் இருந்தது. கொக்கியின் இரு பக்கமும் சுவருக்குள் 4 மி.மீ. ஆழத்துக்குப் பிளவு விட்டால், கொக்கி அந்த ஆழத்திலிருந்தே தொடங்கும். நீளம் 12 மி.மீ. ஆகிவிடும். மூடியின் சுவர் உடலுக்குள் மறைந்துவிடுவதால் பிளவு வெளியில் தெரியாது. தடிமனை அடியில் 1.6 மி.மீ.க்கே திருப்பிக் கொண்டுவந்து, நுனியில் 0.8 மி.மீ. ஆகும்படி சரிவாக்கினோம்.

இந்தச் சரிவு பலர் தவறவிடும் விஷயம். தடிமன் சீராக இருக்கும் கொக்கியில் அடியில் மட்டும் திரிபு உச்சத்தில் இருக்கும். பாதி நீளத்துக்கு வரும்போது பாதியாகிவிடும். அதாவது நுனிப்பக்கப் பிளாஸ்டிக் சும்மா நிற்கிறது. நுனியில் தடிமனைப் பாதியாக்கினால், நடுவிலும் அடியில் இருப்பதில் 89 சதவீதத் திரிபு வரும். வளைவு நீளம் முழுக்கப் பரவிவிடுவதால், அதே திரிபுக்கு 1.6 மடங்குக்கும் சற்றுக் கூடுதலான விலகலை வாங்கலாம். இத்தகைய கொக்கிக்குத் திரிபு என்பது தடிமன் × விலகல் ÷ (1.09 × நீளத்தின் வர்க்கம்). நம் எண்களைப் போட்டால் 1.02 சதவீதம். தயாரிப்பில் வரும் அளவு வேறுபாடுகள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து மூக்கு 1.2 மி.மீ. மோதினாலும் 1.22 சதவீதம்தான். 1.8 வரம்புக்குள் வசதியாக நிற்கிறது. மிச்சம் மூலையில் குவியும் திரிபுக்கு. படியின் உள்மூலைக்கு 0.8 மி.மீ. ரேடியஸ் கொடுத்தோம். பிளவுகளின் முனைகளையும் உருட்டினோம். கொக்கியின் அடியை மட்டும் உருட்டிவிட்டுப் பிளவின் முனையைக் கூர்மையாக விட்டால் விரிசல் அங்கிருந்து கிளம்பும்.

மூடி மாட்டும் கோணத்தில் கிடைத்த லாபமும் சாதாரணமானது அல்ல. மூக்கின் முன்சரிவு 45 டிகிரியாக இருந்தது. ஒரே வகைப் பிளாஸ்டிக் ஒன்றோடொன்று உரசும்போது உராய்வுக் குணகத்தை 0.6 என்று எடுத்துக்கொண்டேன். மாட்டத் தேவையான விசை, வளைக்கும் விசையை இந்த விகிதத்தால் பெருக்கினால் வரும்: மேலே உராய்வும் கோணத்தின் டான்ஜென்ட்டும் கூட்டல்; கீழே 1-லிருந்து அவ்விரண்டின் பெருக்கலைக் கழித்தது. 45 டிகிரிக்கு அது 4 மடங்கு. 30 டிகிரிக்கு 1.8 மடங்கு. பதினைந்து டிகிரி குறைத்து 30-க்குக் கொண்டுவந்ததிலேயே விசை பாதிக்கும் கீழே போகிறது! செலவு என்று பார்த்தால் மூக்கு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

கொக்கியின் அகலம் 6 மி.மீ. அந்தத் திரிபு அளவில் பிளாஸ்டிக்கின் நெகிழ்ச்சிக் குணகத்தைச் (அதன் விறைப்பின் அளவு) சுமார் 2000 மெகாபாஸ்கல் என்று கொண்டால், ஒரு கொக்கியை வளைக்க 4.3 நியூட்டன், மாட்ட ஏறத்தாழ 8 நியூட்டன். நான்கும் சேர்ந்து 31. கட்டைவிரலால் தாராளமாக மூடலாம். பழைய 1.6 மி.மீ. வடிவத்துக்கு இதே குணகத்தைப் போட்டால் ஒரு கொக்கிக்கே 96 நியூட்டன் வரும். அவ்வளவு பெரிய திரிபில் பிளாஸ்டிக் நெகிழ்ந்துவிடுவதால் உண்மை விசை அதைவிடக் குறைவுதான். ஆனாலும் உள்ளங்கையால் தட்டியது ஏன் என்று புரிந்துகொள்ள இது போதும்.

மூக்கின் பின்முகத்தை, அதாவது ஜன்னலில் மாட்டி நிற்கும் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு அது 90 டிகிரி; ஜன்னல் வழியாக ஒரு கூர்முனையால் கொக்கியை உள்ளே தள்ளித்தான் மூடியைக் கழற்ற வேண்டும். தள்ளுகிறவருக்கு எவ்வளவு தள்ளலாம் என்று தெரியாது. பழைய கொக்கியை 1.5 மி.மீ. தள்ளினாலே திரிபு 5.6 சதவீதம். மேலே சொன்ன விகிதத்தில் கீழ்ப்பகுதி பூஜ்யமாகும் கோணத்துக்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் கொக்கி தானாக விலகாது, 0.6 உராய்வுக்கு அந்தக் கோணம் சுமார் 59 டிகிரி. ஒருபோதும் திறக்கக் கூடாத பெட்டிக்கு அதற்கு மேல் வைக்கலாம். பேட்டரி மூடிக்கு 45 டிகிரி பொருத்தம். மாட்டுவதைவிடக் கழற்றக் கூடுதல் விசை வேண்டும், அதே சமயம் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் வந்துவிடும். கொக்கியின் பின்னால், உடலில், 1.3 மி.மீ. இடைவெளி விட்டு ஒரு தடுப்பையும் வைத்தோம். யாராவது ஸ்க்ரூடிரைவரை நுழைத்தாலும் கொக்கி அந்தத் தடுப்பில் முட்டி நின்றுவிடும். அப்போது திரிபு 1.33 சதவீதம்.

மோல்டில் பிளவுகளுக்கு எஃகு சேர்க்க வேண்டியிருந்ததால், கொக்கிப் பகுதிகளை வெட்டியெடுத்துப் புது இன்சர்ட் பொருத்தினார்கள். மூலைக்கு அருகில் இருந்த கொக்கிகளை நகர்த்தத்தான் நான் விரும்பினேன். ஆனால் உடலின் ஜன்னல்களும் கூடவே நகர வேண்டும், அது இன்னொரு மோல்டு வேலை. அதனால் அந்த இடங்களில் பிளவை 5 மி.மீ. ஆழமாக்கினோம். நீளம் 13 மி.மீ., திரிபு 0.87 சதவீதம். சுவர் கொடுக்காத தளர்வைக் கொக்கியின் நீளம் கொடுக்கிறது.

புது மூடிகளில் வெள்ளைக் கோடு வரவில்லை. திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டியும், குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்து உடனே மாட்டியும், மூடிய நிலையில் துடைக்கும் திரவத்தைப் பூசி வைத்தும் பார்த்தோம். கொக்கிகள் தாங்கின.

இப்போது கவனம் உடலின் பக்கம் போயிருக்கிறது. ஜன்னலைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து ஓடும் உருகிய பிளாஸ்டிக் மறுபக்கம் சேரும் இடத்தில் ஒரு வெல்டு லைன் (பலம் குறைந்த சேர்க்கைக் கோடு) விழுகிறது. பிளாஸ்டிக் செலுத்தும் கேட் இப்போது இருக்கும் இடத்தால், அந்தக் கோடு சரியாகக் கொக்கி இழுக்கும் பட்டையின் நடுவில் வருகிறது. கொக்கி பலவீனமாக இருந்தவரை அந்தப் பட்டைக்குச் சோதனை வரவில்லை. கருவியைக் கீழே போட்டுச் சோதித்தபோது ஓர் உடலில் அங்கே மயிரிழை விரிசல் தெரிந்தது. உடலுக்கு அடுத்த மோல்டு போடும்போது கேட்டை இடம் மாற்றி, வெல்டு லைனை ஜன்னலின் பக்கவாட்டுக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பட்டையின் உயரத்தை 1 மி.மீ. கூட்டியிருக்கிறார்கள். அது பாரம் தாங்கும் பட்டை. அங்கே பிளாஸ்டிக்கைக் கூட்டுவது சரியான வைத்தியம்தான்.